வெறுங்கிண்ணம் திருப்பாத சந்து

சந்தியாகப்பர் திருநாள் அசன விருந்து முடிந்து, பந்தியில் ஆளுக்கொன்றாய் வைத்த வாழைப்பழத்தின் தோலெல்லாம் ஜெசிந்தா வீட்டு வாசலில் குவிந்து, குப்பை வண்டி வராமல் நாறத் தொடங்கி, அவள் அதைக் கூடை கூடையாக அள்ளி வாய்க்காலில் கொட்டிய மறுநாள் விடியற்காலையில், அந்தத் தோல்கள் ஒவ்வொன்றாக வாய்க்காலைவிட்டு எழுந்து, கரையேறி, ஈரத்தை உதறி, முதுகில் நிக்கல் பளபளக்க, நாலு காலையும் விரித்து, வரிசை கலையாமல், அவசரப்படாமல், தனகோடி முதலாளியின் முலாம் கம்பெனியைப் பார்த்து நடந்து போயின.

முதலில் பார்த்தவர் பால்காரர் ராயப்பன். சைக்கிளை நிறுத்தி, தலையில் கட்டியிருந்த மப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, சவ ஊர்வலத்துக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் எப்படி ஒதுங்கி நிற்பாரோ அப்படி நின்று, கடைசித் தோல் தாண்டிப் போனபிறகு டீக்கடைக்கு வந்து சொன்னார்: "வாழைப்பழத் தோலெல்லாம் கம்பெனிக்குப் போகுதுப்பா."

"காலை ஷிப்டுக்கா?" என்றார் டீ மாஸ்டர், ஆற்றிக்கொண்டிருந்த டீயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சுள்ளிக்குளம் பட்ட ஆச்சரியம் அவ்வளவுதான். பின்னே? வாய்க்கால் கிளிப்பச்சையாக ஓடுவதைப் பார்த்து ஆச்சரியப்படாத ஊர், தோல் நடப்பதைப் பார்த்து மட்டும் வாயைப் பிளக்குமா?

தனகோடியின் கம்பெனியில் தண்ணீர்க் குழாய்களுக்கு முலாம் பூசினார்கள். கல்யாண மண்டபங்களிலும் பெரிய ஓட்டல்களிலும் முகம் பார்க்கிற மாதிரி மின்னுகிற குழாய்களெல்லாம் இங்கே தொட்டியில் முக்கி எடுத்தவை. சுள்ளிக்குளத்துக் குழாய்களில் மட்டும் காற்றுதான் வரும். நிக்கல் பூசுகிற நாளில் வாய்க்கால் பச்சையாகவும், குரோமியம் பூசுகிற நாளில் மஞ்சளாகவும், செம்பு பூசுகிற நாளில் நீலமாகவும் ஓடியது. சந்தியாகப்பர் சந்துப் பெண்கள் காலண்டரைப் பார்க்காமல் வாய்க்காலைப் பார்த்தே கிழமை சொன்னார்கள். ஜெசிந்தா வீட்டுக் கிணறு ஒரு காலத்தில் சந்து முழுவதற்கும் தாகம் தீர்த்த கிணறு. இப்போது அந்தத் தண்ணீரில் உலை வைத்தால் சோறு மஞ்சளாக வெந்தது; நாக்கில் வைத்தால் பழைய காசைச் சப்பிய ருசி. பக்கத்து வீட்டு மைமூனின் மகளுக்கு முழங்கைவரை சொறி ஏறியிருந்தது. கம்பெனியில் போய்க் கேட்டால், "எங்க வாசலை விட்டு ஒரு சொட்டு வெளியே போறதில்லை" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

அப்புறம் கம்பெனிக்குத் திடீரென்று கருணை பொங்கியது. வீட்டுக்கு வீடு கேன் தண்ணீர் இலவசம். பதிலுக்குக் கிணறுகளையெல்லாம் சிமெண்ட் மூடி போட்டு அடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். கிணறு திறந்திருந்தால்தானே யாராவது ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்துப் பார்ப்பார்கள்? சந்தில் எல்லோரும் சரி என்றார்கள். ஜெசிந்தா மட்டும், "என் வாயை மூடச் சொன்னாலாவது ரெண்டு நிமிஷம் யோசிப்பேன். கிணத்தை மூட மாட்டேன்" என்றாள். அவள் வாயைப் பற்றித் தெரிந்தவர்கள் அதற்குமேல் பேசவில்லை. ஆனால் மூடி வந்துவிட்டது. வட்டமாக, கனமாக, அவள் வீட்டுச் சுற்றுச்சுவரில் சாய்ந்து, பெண் பார்க்க வந்து எழுந்து போகாத மாப்பிள்ளை வீட்டார் மாதிரி இருந்துகொண்டது. அன்றிலிருந்து குப்பை வண்டியும் அவள் வீட்டுக்கு முந்தின வீட்டோடு திரும்பிப் போயிற்று.

ஜெசிந்தா கான்வென்ட்டில் படித்தவள். அங்கே தரையில் ஒரு துண்டுக் காகிதம் கிடந்தால் சிஸ்டர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது யாருடையது?" என்று கேட்பார், போட்டவள் எழுந்து வந்து எடுத்துக்கொள்ளும்வரை மணி அடித்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இங்கிலீஷ், கணக்கு, தையல் எல்லாம் மறந்துபோய்விட்டன. அந்த ஒரு கேள்வி மட்டும் அவள் நாக்கில் குடித்தனம் புகுந்துவிட்டது.

அந்தச் சந்துக்கென்று ஒரு வழக்கமும் உண்டு. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கிண்ணத்தில் குழம்போ கஞ்சியோ போனால், கிண்ணம் வெறுமனே திரும்பாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரை, அதுவும் இல்லாவிட்டால் ஒரு கொத்து கறிவேப்பிலை. வெறுங்கிண்ணத்தைத் திருப்புவது வாசலில் துப்புவதற்குச் சமம். வாங்கினவர்கள் வாங்கவில்லை என்று சொல்வது அதைவிட மோசம். ஜாதி, மதம், சண்டை எதுவும் இந்த வழக்கத்துக்குக் குறுக்கே வந்ததில்லை. மைமூனும் ஜெசிந்தாவும் பேசாமல் இருந்த ஒரு மழைக்காலம் முழுக்கக் கிண்ணங்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன.

அதனால்தான் அன்றைக்குக் கூடையைக் கவிழ்க்கும்போது ஜெசிந்தா வாய்க்காலைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்: "இத்தனை வருஷமா உங்க வீட்டுதை எங்க வீட்டுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கீங்க. எங்க சந்துல வெறுங்கிண்ணம் திருப்புற பழக்கம் இல்லை. இந்தா, வச்சுக்கோ."

அவ்வளவுதான் சொன்னாள். மந்திரம் எதுவும் அவளுக்குத் தெரியாது.

கம்பெனி கேட்டில் அந்தக் காலையில் காவல் நின்றவர் ஜெசிந்தாவின் புருஷன் சவரிமுத்து. தோல்கள் கேட்டு வரைக்கும் வந்து, உள்ளே நுழையப் பார்க்காமல், அழைத்தால்தான் வருவோம் என்கிற மரியாதையோடு வரிசையாக உட்கார்ந்தன. பந்தியில் பழம் வைத்தவரே அவர்தான் என்பதால் பூவன் தோலைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. தனகோடி காரைவிட்டு இறங்கி வந்தார்.

"என்னய்யா இது?"

"தோலுங்க முதலாளி."

"கண்ணு தெரியுது. யாருது?"

"தோல் எங்க சந்துதுங்க. மேல இருக்கிறதுதான்..." சவரிமுத்து இழுத்தார்.

"மேல இருக்கிறது?"

"பளபளன்னு இருக்குதுங்க."

தனகோடி கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "நம்மளது இல்லை. லாரியில ஏத்தி ஏரிக்கரையில கொட்டச் சொல்லு."

கொட்டினார்கள். மறுநாள் லாரி ஷெட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் தோல்கள் கேட்டுக்கு வந்துவிட்டன. கூடவே, விஷயம் கேள்விப்பட்டு மைமூன் கொட்டிய முட்டை ஓடுகளும் வந்திருந்தன.

அதற்கப்புறம் சந்தே கொட்ட ஆரம்பித்தது. சட்டியில் மிச்சமானதையெல்லாம் வாய்க்காலில் போட்டுப் பார்த்தார்கள். எது எப்படி நடக்கும் என்று பெண்களுக்குச் சீக்கிரமே அத்துப்படியாகிவிட்டது. புளியங்கொட்டை உருண்டு முன்னால் ஓடும், துடுக்குத்தனம் அதிகம். முட்டை ஓடு பூட்ஸ் போட்ட பிள்ளைகள் மாதிரி டக் டக்கென்று போகும். ஆரஞ்சுத் தோல் சுகவாசி, நிழல் கண்ட இடத்தில் உட்கார்ந்துவிடும், மற்றவை போய்த் தள்ளிக்கொண்டு வர வேண்டும். இறால் ஓடு பின்பக்கமாகவே நடக்கும், ஆனால் வழி தவறாது. டீக்கடைக்காரர் வடிகட்டியில் மிஞ்சிய தூளைக் கொட்டினார். அது எறும்புச் சாரையாகப் போயிற்று. தேங்காய் நார் வண்டி மாடு போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இருக்கிறதிலேயே அதிகப் பாரம் சுமந்துகொண்டு, கடைசியில் வந்து சேரும்.

ஊர் அதற்கேற்றபடி தன்னைச் சரிசெய்துகொண்டது. கோலம் போடுகிறவர்கள் நடுவில் ஒரு நடைபாதை விட்டுப் போட்டார்கள். பஸ் கண்டக்டர்கள், "தோல் போகுது, நில்லு நில்லு" என்று பலகையைத் தட்டினார்கள். ஒரு கல்யாண ஊர்வலமும் தோல் ஊர்வலமும் முக்கில் எதிரெதிரே வந்துவிட, பெண்ணின் தாய்மாமன், "மொதல்ல அதுங்க போகட்டும், அதுங்களுக்குப் போற வேலை இருக்கு" என்று ஒதுங்கச் சொல்ல, நாதஸ்வரக்காரர் சும்மா நிற்பானேன் என்று அவற்றுக்கும் ஒரு மல்லாரி வாசித்து அனுப்பினார். நாய்கள் முதல் வாரம் குரைத்துப் பார்த்துவிட்டுக் கூடவே நடக்க ஆரம்பித்தன. தெருக்கூட்டும் பெண்களிடம் துப்புரவு மேஸ்திரி வந்து, இதையெல்லாம் பெருக்கித் தள்ளக் கூடாதா என்று கேட்டபோது, "குப்பைன்னா பெருக்குவோம். இது அவங்கவங்க பொருள் அவங்கவங்க வீட்டுக்குப் போகுது. அடுத்தவங்க பொருள்ல கை வைக்கிற ஜாதி நாங்க இல்லை" என்று துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். பங்குச் சாமியார், தோல் நடப்பதைப் பற்றித் திருச்சபை எதுவும் சொல்லவில்லை என்று பிரசங்கத்தில் சொன்னார். சொல்லிவிட்டு, தன் சமையல்கட்டுத் தேங்காய் நாரையும் மணி அடிக்கிற கோயில்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினார்.

பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து ஒரு ரசாயன டீச்சர் வந்தாள். ஒரு தோலைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காய்ஞ்ச தோலுக்கு உலோகத்தைப் பிடிச்சுக்கிற குணம் உண்டு ஆன்ட்டி. எங்க லேப்ல நாங்களும் செய்றோம். நார், ஓடு, கொட்டை எல்லாமே பிடிக்கும். ஆனா எங்களுது நடக்காது."

"உங்களுதுக்கு எங்க போகணும்னு யாரும் சொல்லிக்குடுத்திருக்க மாட்டாங்கம்மா" என்றாள் ஜெசிந்தா. "கையில இருக்கிறதைக் கீழ விடு, அதுக்கு நேரமாகுது."

காயலான் கடை கனிராவுத்தர் ஒரு மூட்டைத் தோலை விலை பேசி வாங்கிப்போனார். சந்துக்குள் அன்று சண்டை. நாலு காசு வந்தால் வேண்டாமென்பதா என்றார்கள் சில பேர், ஜெசிந்தா, "நம்ம தலையில கொட்டினதை நாமளே வித்துக் குடுத்துட்டா அப்புறம் அது அவன் கொட்டினதுன்னு யாரு சொல்றது?" என்று கத்தினாள். சண்டை முடிவதற்குள் தோல்களே தீர்ப்புச் சொல்லிவிட்டன. மூட்டையை அவிழ்த்துக்கொண்டு ஷட்டருக்கு அடியில் ஒவ்வொன்றாக நழுவி, வழக்கம்போல கம்பெனி கேட்டில் போய் உட்கார்ந்தன. ராவுத்தர், "இதுங்களுக்கு இருக்கிற ரோஷம் எனக்கில்லாமப் போச்சே" என்று சொல்லி, அன்றிலிருந்து அவர் வீட்டு முட்டை ஓட்டையும் அனுப்பிவைத்தார்.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. வாய்க்கால் கரையில் வழியை மறித்து மதில் கட்டினார்கள், ஏறிக் குதித்து வந்தன. ஆசிட் ஊற்றினார்கள், அன்றைக்கு வந்தவை கரைந்தன, மறுநாள் அதைப்போல இரண்டு பங்கு வந்தன. வந்தவை ஒருநாளும் கேட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை. அழைக்காத வீட்டுக்குள் நுழையாத பிறவிகள். வெளியே மட்டும் மினுமினுவென்று ஒரு மேடு வளர்ந்துகொண்டே வந்தது. போகிற வருகிற பஸ்ஸெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனது.

இதற்கிடையில் வாய்க்கால் சந்தின் கோடியிலிருந்து தெளிய ஆரம்பித்தது. முதலில் கல் தெரிந்தது. பிறகு தலைப்பிரட்டை. பிறகு சந்துப் பெண்களுக்குக் கிழமை குழம்பியது. வாய்க்காலுக்கு நிறம் இல்லாததால் செவ்வாய்க்கிழமை மீன் வாங்கிவிட்டு, விரத நாளென்று பிறகுதான் நினைவு வந்து தலையில் அடித்துக்கொண்டவர்கள் உண்டு. ஜெசிந்தா தினமும் காலையில் ஒரு வாளி இறைத்து, ஒரு மடக்கு வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினாள். காசு ருசி குறைந்துகொண்டு வந்தது. போகவில்லை. ஆனால் குறைந்துகொண்டு வந்தது.

அப்போதுதான் சவரிமுத்து ஒரு சாயங்காலம் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஜெசி, நாளைக்குக் கொத்தனார் மேஸ்திரியோட வர்றாங்க. முதலாளியும் வர்றார், முனிசிபாலிட்டி ஆபீசரும் வர்றார். வாய்க்கால்ல குப்பை கொட்டுறேன்னு உன் மேல கேஸாம். கிணத்து மூடியை வச்சுட்டா கேஸ் இல்லை."

"வச்சா?"

"என் வேலை இருக்கும்."

"வைக்கலைன்னா?"

"கேட்டுக்கு வேற ஆள்."

ஜெசிந்தா தோசையைத் திருப்பிப் போட்டாள். கிணறு தெளிந்து வருகிறது. இப்போது மூடினால், அது கெட்டதற்கும் சாட்சி இல்லை, தேறியதற்கும் சாட்சி இல்லை. கேன் தண்ணீரைக் கையேந்தி வாங்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

"ஏங்க, நீங்க கேட்ல நின்னு என்னதான் செய்றீங்க?"

"திறக்கிறேன், மூடுறேன். வேறென்ன?"

"நம்ம வீட்டு வாசல்ல ஒருத்தர் கிண்ணத்தோட வந்து நின்னா என்ன சொல்வீங்க?"

சவரிமுத்து தட்டை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உள்ள வாங்கன்னு சொல்வேன்."

"ம்" என்றாள் ஜெசிந்தா. அதற்கப்புறம் இரண்டு பேரும் தோசையைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

மறுநாள் காலையில் அவள் குளித்து, நல்ல சேலை கட்டி, கிணற்றுச் சுவரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சந்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். மேஸ்திரி மூலையில் சிமெண்டைக் குழைத்தார். முனிசிபாலிட்டி ஆபீசர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். தனகோடி கையைக் கட்டிக்கொண்டு, பெரிய மனுஷத் தோரணையில் பொறுமையாகவே பேசினார்.

"ஏம்மா, உங்க வீட்டுக் குப்பையை என் வாசல்ல கொண்டுவந்து போடுறியே, நியாயமா?"

"நான் போடலை. அதுங்களா வருது."

"எதுக்கு என் வாசலுக்கு வரணும்?"

"அதை அதுங்ககிட்டதான் கேக்கணும். இந்த ஊர்ல எத்தனை வாசல் இருக்கு! ஒன்னாவது வழி மாறி மளிகைக்கடைக்குப் போயிருக்கா?"

பெண்கள் சிரித்தார்கள். தனகோடியின் காது சிவந்தது. "எங்க கம்பெனியிலிருந்து ஒரு சொட்டு வெளிய வர்றதில்லை. எழுதிக்குங்க சார். இந்தக் கிணறு ஆபத்து. மேஸ்திரி, மூடியைத் தூக்கு."

"தூக்குங்க" என்றாள் ஜெசிந்தா. "என் மேல வச்சுப் பூசுங்க."

மேஸ்திரி கரண்டியோடு நின்றார். "கலவை இறுகுதுங்க. எதுன்னாலும் சீக்கிரம் சொல்லுங்க."

அப்போது கூட்டம் தானாக விலகியது. இடுப்பில் ஒரு பிரம்புக் கூடையோடு தனகோடியின் மனைவி வேதவல்லி வந்துகொண்டிருந்தாள். காரைவிட்டுக் கால் தரையில் பட்டு யாரும் பார்த்திராத அம்மாள், கம்பெனியிலிருந்து வாய்க்கால் கரையோடு, தோல்கள் போட்டுவைத்த தடத்திலேயே, செருப்பில்லாமல் நடந்து வந்திருந்தாள். பத்தடி பின்னால் சவரிமுத்து, கேட் சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"இங்க ஜெசிந்தாக்காங்கிறது யாரு?"

"நான்தான்."

"காலையில கேட் திறந்திருந்துச்சுக்கா. தோலெல்லாம் உள்ள இருக்கிற எங்க வீட்டுப் படியேறி நடைவாசல் வரைக்கும் வந்து நின்னுதுங்க. நடை வரைக்கும் வந்ததை நிக்க வைக்கலாமா? முறத்தை நீட்டினேன். ஒவ்வொன்னா வந்து சுமையை இறக்கி வச்சிட்டு அப்படியே வாடி விழுந்துடுச்சுங்க." அவள் கூடையை இறக்கினாள். காய்ந்து கறுத்த தோல்களுக்கு மேலே ஒரு பொட்டலம் சர்க்கரை இருந்தது. "நானும் உங்களை மாதிரி ஒரு சந்துல பொறந்தவதான். வெறுங்கூடையா திருப்ப மனசு வரலை."

"வேதா!" என்றார் தனகோடி. "நீ எதுக்கு இங்க வந்த?"

"நம்ம வீட்டுப் பொருள் வந்துச்சுங்க. வாங்கி உள்ள வச்சிட்டேன். சொல்லிட்டுப் போகணும்ல?"

ஆபீசரின் பேனா நின்றது. "எந்தப் பொருளம்மா?"

"நிக்கல்தாங்க. இந்த ஊர்ல வேற யாரு வீட்டுல இருக்கு?"

"நம்மளது இல்லைன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்..."

"வாங்கிட்டு வாங்கலைன்னு சொன்னா வீட்டுக்கு ஆகாதுங்க" என்றாள் வேதவல்லி. கோபமே இல்லாமல், சாப்பாட்டில் உப்புக் குறைவென்று சொல்கிற மாதிரி.

மேஸ்திரியின் கலவை இறுகிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா சுவரிலிருந்து இறங்கி, ஒரு வாளி இறைத்து, டம்ளரில் மொண்டு, பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி சர்க்கரையைப் போட்டு விரலால் கலக்கி, தனகோடிக்கு முன்னால் நீட்டினாள்.

"எங்க வாசலுக்கு மொதமொதல்ல வந்திருக்கீங்க. குடிங்க முதலாளி."

அவர் டம்ளரைப் பார்த்தார். குடித்தால், நல்ல தண்ணீருக்கு மூடி எதற்கு என்பார்கள். குடிக்காவிட்டால், அதற்குள் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியும் என்பார்கள். சந்து முழுக்க அவர் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெசிந்தாவின் கை நீட்டியபடியே இருந்தது. அவளுக்குக் கை வலிக்கவில்லை.

"இது யாருடையது?" என்று கேட்டாள்.

வேதவல்லிதான் கையை நீட்டி வாங்கினாள். அண்ணாந்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் காசு ருசி இருக்குக்கா" என்றாள். "அனுப்புறதை நிறுத்திடாதீங்க. நான் முறத்தோட நிப்பேன்."

ஆபீசர் இரண்டையும் எழுதிக்கொண்டார்: முதலாளி சொன்னதையும், அம்மாள் சொன்னதையும். தனகோடி காரில் ஏறி, கதவை மூடி, கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டார். மேஸ்திரி, "கலவை வீணாகுதேம்மா" என்று புலம்ப, ஜெசிந்தா துவைக்கிற இடத்தைக் காட்டினாள். "மூடியை அங்க தரையில படுக்க வச்சு, ஆடாம நல்லா பூசிட்டுப் போங்க."

எங்கள் வாசலைவிட்டு ஒரு சொட்டு வெளியே போவதில்லை என்று தனகோடி இன்றைக்கும்தான் சொல்கிறார். சொல்லட்டும். தோல்கள் போகிற நேரத்துக்குக் கேட் திறந்திருக்கிறது. திறக்கிறவர் அதே சவரிமுத்துதான், வேலையைவிட்டு அனுப்ப வேதவல்லி விடவில்லை. கிணறு திறந்த வாயோடுதான் இருக்கிறது. சிமெண்ட் மூடி மட்டும் நல்ல அகலம், நல்ல வழுவழுப்பு. ஜெசிந்தா அதன்மேல் ஓங்கி அடித்துத் துணி துவைக்கிற சத்தம், காற்று அந்தப் பக்கம் வீசினால், கம்பெனிவரைக்கும் கேட்கும்.